மோர்மிளகாய்க்கு மொய் எழுதிய கதை

முப்பத்தாறு வருடம் தபால் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். 'பிள்ளையார் கோவில் பின்னாடி, மாடி வீட்டுப் பெரியவர், திருச்சி' என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தைக்கூட உரியவர் கையில் சேர்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவனால் தன் வீட்டைக் கூகுளில் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கதையில் எனக்கு நேர்ந்த முதல் அவமானம் அது. மற்றவை வரிசையாக வரும்.

என் மனைவி மோர்மிளகாய் போட்டு விற்கிறாள். வெயில் காலத்தில் உறையூரில் எங்கள் மொட்டைமாடியில் கால் வைக்க இடமிருக்காது. பச்சைமிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் வெயிலில் பரப்பி, சாயங்காலம் மறுபடி அதே தயிரில் போட்டு, கடைசிச் சொட்டுத் தயிரும் மிளகாய்க்குள் போகும்வரை இப்படியே நாலைந்து நாள். இந்தத் தொழிலில் என் பொறுப்பு காக்காய் விரட்டுவது. ரிட்டயர் ஆனபோது அரசாங்கம் பென்ஷன் கொடுத்தது. பதவி கொடுத்தவள் மனைவிதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் போன தீபாவளிக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று ராத்திரியே 'மோர்மிளகாய்' என்று அடித்துத் தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. நாலாம் பக்கத்தில் இல்லை. பதினோராம் பக்கத்தில், கனவில் மிளகாய் வந்தால் என்ன பலன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் காணோம்.

"என்னங்க, வாசல்ல யாரோ மணி அடிக்கிறாங்க, கஸ்டமரா இருக்கும்" என்றாள் மனைவி.

"இரு, நம்மளை யாராலும் கண்டுபிடிக்க முடியலைன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"வாசல்ல நிக்கிறவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு அவங்களையே கேட்டுட்டு வாங்களேன்" என்றாள்.

அப்போதே கேட்டிருந்தால் எனக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சம். இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது.

எஸ்.இ.ஓ. செய்து தருவதாக ஒரு தம்பி போன் செய்தான். தேடுகிறவர்கள் கண்ணில் நம் கடை முதலில் படுகிறமாதிரி செய்யும் வித்தை அது என்றான். "முப்பதே நாள்ல நம்பர் ஒன் சார், கேரண்டி!" முதலிடம் வாங்கித் தருவதாக எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. செய்த வேலைக்குப் பலன் தெரிய பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை ஆகும் என்று அவர்களே 2017இல் ஒரு வீடியோவில் சொல்லியும் இருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பணம் கட்டிய பிறகு தெரிந்த ஞானம். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், 'சார்' என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்பதுதான். ரிட்டயர் ஆனவனிடம் அந்த ஒரு சொல்லுக்கு உள்ள விலை அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது.

முதல் காரியமாக எங்கள் பக்கத்தில் 'மோர்மிளகாய்' என்ற சொல்லை அறுபது இடத்தில் நுழைத்தான். "எங்கள் மோர்மிளகாய் சிறந்த மோர்மிளகாய். மோர்மிளகாய் வேண்டுவோர் மோர்மிளகாய்க்கு அணுக வேண்டிய மோர்மிளகாய்…" மனைவி படித்துவிட்டு, "இது விளம்பரமா, ஜபமா?" என்றாள். போதாததற்கு, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இன்னொரு நூறு மோர்மிளகாய். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, கூகுள் கண்ணுக்குத் தெரியுமாம். தெரிந்ததுதான் பின்னால் வினையாயிற்று. கூகுள் தன் விதிகளில் தடுத்து வைத்திருக்கும் பழைய தில்லுமுல்லு அது. பக்கத்துக்குப் பின்னால் சொற்களை அடுக்கும் 'மெட்டா கீவேர்டு' என்ற இன்னொரு வேலைக்கும் தம்பி தனியாகப் பணம் வாங்கினான். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. செல்லாத தபால்தலையைக் காசு கொடுத்து வாங்கி ஒட்டியிருக்கிறேன், அதுவும் ஒரு போஸ்ட் மாஸ்டர்!

அடுத்தது லிங்க். "சார், நாலு பேர் உங்க பக்கத்துக்கு லிங்க் கொடுத்தாத்தான் மதிப்பு. நீங்க அவங்களுக்குக் கொடுங்க, அவங்க உங்களுக்குக் கொடுப்பாங்க." எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மொய்! கல்யாணத்துக்குக் கல்யாணம் நோட்டுப் போட்டு எழுதி, வந்ததைத் திருப்பிச் செய்த பரம்பரை. இதிலா தோற்பேன்? நோட்டுப் புத்தகம் வாங்கி மஞ்சள் தடவி ஆரம்பித்தேன். பத்து நாளில் மூன்று பேரோடு மொய் உறவு ஏற்பட்டது. எங்கள் பக்கத்தின் கீழே 'எங்கள் நண்பர்கள்' என்ற தலைப்பில் அவர்கள் வரிசையாக அமர்ந்தார்கள்: பூச்சிமருந்து அடிப்பவர், ஆம்புலன்ஸ் சர்வீஸ், ஃப்ரீசர் பெட்டி வாடகை.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தாள். "மோர்மிளகாய் சாப்பிட்டவங்க அடுத்தடுத்து எங்க போகணும்னு வழி போட்டுக் கொடுத்திருக்கீங்க" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பி, ஐந்நூறு லிங்க் ஒரே பேக்கேஜாக வரும் என்றான். தள்ளுபடி வேறு. வாங்கினேன். பட்டியல் வந்தது. எங்கள் மோர்மிளகாயைச் சிபாரிசு செய்திருந்தவர்களில் ஒரு சூதாட்டக் கம்பெனி, வழுக்கையில் முடி வளர்க்கும் தைலம், எந்த மொழியென்றே தெரியாத ஒரு டயர் கடை எல்லோரும் இருந்தார்கள். ஐந்நூறு பேரில் ஒருவராவது மோர்சாதம் சாப்பிட்டிருப்பாரா என்பது சந்தேகம். ஆனாலும் நான் பட்டியலை அச்செடுத்து, வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினேன். எதிர்வீட்டுக்காரர், "உங்களுக்கு வெளிநாட்டுலயெல்லாம் இவ்வளவு பழக்கமா?" என்று கேட்டபோது மறுக்கவில்லை.

முப்பதாவது நாள் கூகுளிலிருந்து ஒரு தாக்கீது வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகன் அதை ராத்திரிச் சாப்பாட்டின்போது சத்தமாகத் தமிழில் படித்தான்: "அப்பா, உங்களுக்கு இயற்கைக்கு மாறான தொடர்புகள் இருக்கிறதாக் கண்டுபிடிச்சிருக்காங்க."

மனைவி கையில் இருந்த ரசக் கரண்டி அப்படியே நின்றது. இந்த வயதில் இப்படி ஒரு சொல்லை விளக்கி மீள்வது எளிதல்ல. தொடர்பு என்றால் லிங்க், இயற்கைக்கு மாறானது என்றால் காசு கொடுத்து வாங்கியது என்று மகன் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு முறை புரையேறியது. குற்றம் அவ்வளவுதான் என்று தெரிந்ததும் மனைவி முகத்தில் நிம்மதி வரவில்லை. "எவ்வளவு கொடுத்தீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு மகன் பாடம் எடுத்தான். 1996இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கேய் பிரின் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு தேடுபொறி செய்தார்கள். கூகுள் என்ற பெயர் வருவதற்கு முன் அதன் பெயர் 'பேக்ரப்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் முதுகு தேய்ப்பது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கை, கால், தலை எல்லாம் நாமே தேய்த்துக்கொள்ளலாம். முதுகுக்கு மட்டும் இன்னொருவர் வர வேண்டும். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதோடு நில்லாமல், மற்றப் பக்கங்கள் அதைச் சுட்டுகின்றனவா என்று பார்த்ததுதான் அவர்கள் செய்த புதுமை. அந்தக் கணக்குக்கு 'பேஜ்ரேங்க்' என்று பெயர். அதில் உள்ள பேஜ், லாரி பேஜின் பேஜ்.

"எத்தனை பேர் சுட்டுறாங்கங்கிறது மட்டுமில்லைப்பா, யார் சுட்டுறாங்கன்னு பார்ப்பாங்க" என்றான்.

அடடா, இது வரன் விசாரிப்பதல்லவா! என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது டீக்கடைக்காரர், "தங்கமான பையன் சார்" என்றார். அவர் எல்லாப் பையனையும் தங்கம் என்பவர். என் அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. யாரையும் லேசில் புகழாத ஹெட்மாஸ்டர் ஒருவர், "பரவாயில்லை, கொடுக்கலாம்" என்று இரண்டு சொல் சொன்னார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். பேஜ்ரேங்க் கணக்கும் அதே. மதிப்புள்ளவர் சொன்னால் எடை அதிகம். அந்த மதிப்பும் அவர் எத்தனை பேருக்குச் சொல்கிறாரோ அத்தனை பங்காகப் பிரியும். ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவரின் சிபாரிசில் நம் பங்குக்குத் துளிதான் வரும். என் அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் நான் ஐந்நூறு டீக்கடைக்காரர்களைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கும்.

"நீங்க மட்டும் மாட்டலை" என்று மகன் ஆறுதல் சொன்னான். 2011இல் அமெரிக்காவின் பெரிய பல்பொருள் கடைச் சங்கிலியான ஜே.சி. பென்னி, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து லிங்க் பெற்று மேலே நிற்பதை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. கூகுள் தண்டித்தது. வரவேற்பறை மரச்சாமான்களுக்கான தேடலில் சாயங்காலம் ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, ஒன்பது மணிக்கு அறுபத்தெட்டாம் இடத்தில் கிடந்தது. கடையின் பதில், 'எங்களுக்குத் தெரியாமல் நடந்தது.' நானும் மனைவியிடம் அதே பதிலைத்தான் வைத்திருந்தேன். நோட்டுப் புத்தகமும் மஞ்சளும் காட்டிக் கொடுத்துவிட்டன.

அதே 2011இல் சரக்கில்லாத பக்கங்களை அமுக்க 'பாண்டா' என்றொரு திருத்தத்தைக் கூகுள் கொண்டுவந்தது. 2012 ஏப்ரலில் போலி லிங்க்குகளைக் கவனிக்க 'பெங்குவின்' வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே எதிரி காக்காய். அதைச் சமாளிக்கவே ஒரு குச்சியும் கறுப்புத் துணியும் ஒரு முழுநேர ஓய்வூதியரும் தேவைப்படுகிறார்கள். பெங்குவினை எதைக் காட்டி விரட்டுவது?

காசு கொடுத்து விளம்பரமே வைக்கக் கூடாதா என்றேன். தாராளமாக வைக்கலாமாம், ஆனால் அந்த லிங்க்கில் 'இது விளம்பரம்' என்று குறி வைத்துவிட வேண்டும். அதற்கென 'நோஃபாலோ' என்ற குறி 2005இல் வந்தது, 'ஸ்பான்சர்டு' என்பது 2019இல். குறி வைத்தால் விளம்பரம், மறைத்தால் பொய்ச்சாட்சி.

பரிகாரம் ஆரம்பமாயிற்று. வெள்ளை எழுத்துகளை அழித்தோம். நண்பர்கள் மூவரையும் இறக்கினோம். ஐந்நூறு பேருக்கு 'டிஸவோ' என்ற வசதி; இன்னார் இன்னார் கொடுக்கும் சிபாரிசைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நாமே பட்டியல் போட்டுக் கொடுப்பது. 'இந்தப் படத்தில் காண்பவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை' என்று தினசரியில் விளம்பரம் வருமே, அதேதான். பிறகு மறுபரிசீலனை கேட்டு ஒரு மன்னிப்பு மனு. இதில் மட்டும் நான் பிரகாசித்தேன். முப்பத்தாறு வருட சர்வீஸில் எத்தனை மெமோவுக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன்! மகன் படித்துவிட்டு, "அப்பா, 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' மட்டும் வேண்டாம்" என்றான்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சாதாரண வேலை. உறையூரை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் டபிள்யூ போட்டும் இன்னோரிடத்தில் யூ போட்டும் எழுதியிருந்தேன். எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே போன் நம்பர் என்று திருத்தினோம். ஊரார் முகவரியில் பின்கோடு இல்லையென்று முறைத்த போஸ்ட் மாஸ்டர், சொந்த முகவரியில் அதை விட்டிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்தோம். மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்கள் என்று யோசித்தோம். சிலருக்கு அது தயிர்மிளகாய், மலையாளிகளுக்குக் கொண்டாட்டம். மிளகாய்க்காவது அந்தப் பெயர் இருக்கட்டும்.

உண்மையான லிங்க் எதுவும் என்னால் வரவில்லை. வேளாண் அறிவியல் நிலையத்தார் நடத்திய பயிற்சியில் மனைவி போய் மோர்மிளகாய் போட்டுக் காட்டினாள். அவர்கள் தங்கள் பக்கத்தில் அவள் பெயரையும் எங்கள் முகவரியையும் போட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் ஹாஸ்டலுக்கு எடுத்துப்போன டப்பாவைக் காலி செய்த தோழி ஒருத்தி, சமையல் எழுதுகிறவள், போன் போட்டுப் பக்குவம் கேட்டாள். தயிரின் புளிப்பு முதல் வெயிலின் கணக்கு வரை மனைவி ஒளிக்காமல் சொன்னாள். "தொழில் ரகசியத்தைச் சொல்லலாமா?" என்று நான் பதறினேன். "சொன்னா மட்டும் போட்டுடுவாங்களா? காக்காய் விரட்ட ஆள் வேணுமே" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் என்னைப் பற்றிக் கொடுத்த ஒரே சிபாரிசு அது. அந்தப் பெண் முழுவதையும் எழுதி, 'செய்ய முடியாதவர்கள் இவர்களிடம் வாங்குங்கள்' என்று எங்கள் பக்கத்தைச் சுட்டினாள்.

மனுவைக் கூகுள் ஏற்றுக்கொண்டது. எட்டு மாதம் ஆயிற்று. இப்போது திருச்சியில் இருந்து தேடினால் நாங்கள் முதல் பக்கத்தில் நாலாவது. வாசலுக்கு வரும் கஸ்டமரிடம், "எப்படிங்க எங்களைக் கண்டுபிடிச்சீங்க?" என்று தவறாமல் கேட்கிறேன். சிலர் கூகுள் என்கிறார்கள். பெரும்பாலோர், "அந்த அக்கா வீட்டுல சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு" என்கிறார்கள். கூகுளில் சொன்னவர்கள் யார் என்று போய்ப் பார்த்தால், அங்கேயும் அந்த அக்காதான் நிற்கிறார்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கொடுத்து நல்ல பேர் வாங்க வேண்டும் என்று இன்னமும் தோன்றினால் என்னிடம் வாருங்கள். தள்ளிவைத்த லிங்க் ஐந்நூறு அப்படியே இருக்கிறது. டயர் கடை உட்பட எல்லாம் இலவசம். பகலில் வந்தால் நேராக மொட்டைமாடிக்கு வந்துவிடுங்கள். கையில் குச்சியோடு அங்கேதான் இருப்பேன்.