மூன்று பேர் எழுப்பும் கடிகாரம்

தலைமாட்டில் வைக்கும் கடிகார ரேடியோவில் சிடி பிளேயரும் சேர்ந்துவிட்டால், நம்மை எழுப்ப மூன்று பேர் காத்திருக்கிறார்கள்: ரேடியோ, சிடி, காதைக் கிழிக்கும் பஸ்ஸர். யாருக்கு அந்த உத்தியோகம் என்று தீர்மானிக்கும் சுவிட்ச் மட்டும் மிளகளவுதான். சுப்ரபாதம் கேட்டு எழலாம் என்று சிடி பக்கம் தள்ளிவிட்டு, சிடியைப் போட மறந்தால், பல மாடல்களில் பஸ்ஸரே சுப்ரபாதம்.

கரண்ட் போய்வந்தால் 12:00 என்று கண்ணடிக்கும். அதற்காகவே அடியில் பேட்டரிக்கு ஓர் அறை உண்டு. பெரும்பாலும் காலியாக இருக்கும்.

அமெரிக்க மாமா கொண்டுவந்த உருப்படி என்றால் தனி விசேஷம். 230 வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் வைத்து 120 ஆக்கிவிடலாம். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்தத் துடிப்பை எண்ணித்தான் பல கடிகாரங்கள் நேரம் காட்டுகின்றன. ஆகவே மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். இரவு 10 மணிக்குச் சரியாக வைத்துவிட்டுப் படுத்தால், 6 மணி அலாரம் 7.36-க்கு அடிக்கும். ஆபீஸில் இந்தக் கணக்கை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

சிலவற்றின் அடியில் 50/60 என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். மாமாவைத் திட்டுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.