பக்கத்தை நீட்டித் தரக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் தகப்பன், சென்னை.

பெறுநர்: உயர்திரு ஆசிரியர் குழுவினர், ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?’ பிரிவு.

பொருள்: செய்திப் பக்கத்தின் நீளம் போதாமை – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், ராத்திரி தங்கள் தளமே கதி என்று கிடப்பவர்களில் நானும் ஒருவன். நேற்றும் ‘எந்தெந்த மாவட்டங்களுக்கு விடுமுறை? முழு விவரம் இதோ!’ என்பதைத் தொட்டேன். முழு விவரம்தான், குறையே சொல்ல முடியாது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றால் என்ன, அது எப்படித் தாழ்வு மண்டலமாகிறது, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நமக்கு ஏன் மழை, குடை பிடித்த ஒரு பெண்ணின் படம் (பின்னால் நிற்பது லண்டன் மாடி பஸ்), நடுவே மூட்டுவலித் தைலம், வீட்டு மனை, மறுபடி தைலம். கட்டைவிரலுக்கே தைலம் தேவைப்பட்ட கட்டத்தில் விடை வந்தது: ‘இதுவரை அறிவிப்பு வெளியாகவில்லை.’

இதே சங்கதியை மாவட்ட ஆட்சியர் எக்ஸ் தளத்தில் ஒரே வரியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். பொறுப்பில்லாதவர். ஒரு வரிக்குள் எத்தனை தைலத்தைச் செருக முடியும்? 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட உலகின் முதல் வலைப்பக்கமும் இந்த ரகம்தான். படம் இல்லை, விளம்பரம் இல்லை, சொல்ல வந்ததைச் சொல்லி முடிந்துவிடுகிறது. பிழைக்கத் தெரியாத மனிதர்.

நீட்டி எழுதினால்தான் கூகுள் மேலே காட்டும் என்று தங்களிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வார்த்தை வேண்டும் என்று கணக்கெல்லாம் இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதிவைத்திருக்கிறது. அதையெல்லாம் தாங்கள் நம்பிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் ‘அடுத்து’ பொத்தான் வைக்கலாம். அல்லது இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கட்டும். அந்த முடிவில்லா உருட்டலை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வருந்தினார். தாங்கள் அவசரப்பட்டு வருந்த வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. அறிவிப்பு வந்த பிறகும் ‘சென்னைக்கு விடுமுறை’ என்று தலைப்பிலேயே போட்டுத் தொலைத்துவிடாதீர்கள். பையன் நனைந்த சீருடையோடு கேட்டுக்கு முன்னால் போய் நிற்கட்டும். வாட்ச்மேன் ‘லீவுப்பா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவருக்கும் தொழில் தெரியவில்லை.

இப்படிக்கு,
இன்னும் உருட்டிக்கொண்டிருக்கும் வாசகன்