பேக்கப் அண்ணே

தேனியில் எங்கள் கட்டடத்து மாடியில் கடை வைத்திருக்கும் மனிதருக்கு அவருடைய அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கரண்ட் பில்லில் அது இருக்கிறது. மற்றபடி யாருக்கும் அது பயன்பட்டதில்லை. ஆண்டிபட்டி முதல் கம்பம் வரை அவர் பேக்கப் அண்ணேதான். “அண்ணே, கம்ப்யூட்டர்ல கணக்கு பூராம் போச்சுண்ணே” என்று யார் போனில் அலறினாலும் “அய்யய்யோ” என்றோ “எப்ப?” என்றோ கேட்கமாட்டார். “பேக்கப் இருக்கா?” என்பார். எதிர்முனையில் ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தின் நீளத்தை வைத்துத்தான் கூலியை முடிவு செய்கிறார் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது. மாடிக்கு ஏறுகிறவர்களின் முகமும் இறங்குகிறவர்களின் முகமும் எனக்குத் தெரியும். ஏறும்போது பிரசவ வார்டு வாசலில் நிற்கிற முகம். இறங்கும்போது பாதிப் பேருக்குப் பிள்ளை பிழைத்திருக்கும். மீதிப் பேர் என்னிடம் வந்து ஒரு பேரேட்டு நோட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்த ரகத்து ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் டி.பி.ஏ. (டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்) என்று பெயர் போட்டு ஏ.சி. அறையில் உட்கார வைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் நகைக்கடை, ஆஸ்பத்திரி, ஏலக்காய் மண்டி, மொய் கம்ப்யூட்டர் என்று பைக்கில் அலைவார்கள். அவர்களுடைய மதம் ஒன்றே ஒன்றுதான்: யார் சொல்வதையும் நம்பாதே.

கடைச் சுவரில் மூன்று படங்கள். மீனாட்சியம்மன், அவருடைய அப்பா, ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். எங்கள் மாவட்டத்தில் சுவரில் வெள்ளைக்காரர் இருந்தால் அவர் முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக்தான், வேறு யாராகவும் இருக்க முடியாது. அதனால் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். சின்னமனூர் பெரியவர் ஒருவர் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, “மீசையை எப்ப எடுத்தாரு?” என்று கேட்டார். படத்தில் இருப்பவர் எட்கர் காட். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். பிறகு ஐ.பி.எம்.மில் சேர்ந்து, எல்லாத் தகவலையும் வரிசை வரிசையான டேபிள்களில் வைத்துக்கொள்ளலாம் என்று 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். “அவரு தண்ணியைத் தேக்குனாரு, இவரு கணக்கைத் தேக்குனாரு. கும்பிட்டா தப்பில்ல” என்பது அண்ணன் தீர்ப்பு.

நோயாளி வீட்டுக்குப் போனால் முதலில் கம்ப்யூட்டரைப் பார்க்கமாட்டார். கீழே குனிந்து யு.பி.எஸ்.ஸைப் பார்ப்பார். அதன் மேல் செம்பும் பூஜைத் தட்டும் இருந்தால் ஒரு பெருமூச்சு. அப்புறம் விசாரணை.

“கடைசியா என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலைண்ணே. தானாப் போயிருச்சு.”

“தானாப் போறதுக்கு அது என்ன பூனையா?”

கால் மணி நேரத்தில் வாக்குமூலம் உதிர ஆரம்பிக்கும். கரண்ட் போனது. அஞ்சு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தது. மச்சினன் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான் என்று அவனைக் கூப்பிட்டது. அவன் ஏதோ வீடியோவைப் பார்த்து ‘ஃபோர்ஸ் ரெகவரி’யில் நேராக 6 போட்டது. இந்த இடத்தில் அண்ணே கண்ணை மூடிக்கொள்வார். மை-எஸ்.க்யூ.எல். என்கிற டேட்டாபேஸில் தகவலைச் சேமிக்கும் இன்னோடிபி எழுந்திருக்க மறுத்தால் கொடுக்கிற கடைசி மருந்து அது. 1 முதல் 6 வரை அளவு உண்டு. ஒன்றில் தொடங்கி, எழுந்ததும் நிறுத்தி, தகவலை வெளியே இறக்கிக்கொள்ள வேண்டும். நாலையோ அதற்கு மேலோ தொட்டால் மருந்தே தகவலை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம் என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். “தலைவலின்னு வந்தவனுக்கு எடுத்த எடுப்புல தலையை எடுத்திருக்கான், உங்க இன்ஜினியரு.”

எதைத் தொடுவதற்கு முன்பும் சர்வரை நிறுத்தி, கெட்டுப்போன ஃபைல்களை அப்படியே காப்பி எடுத்துவிடுவார். கெட்டதை எதற்குக் காப்பி எடுக்கிறார் என்று கடைக்காரர்கள் பொறுமை இழப்பார்கள். ரிப்பேர் செய்யும்போது இருப்பதும் போய்விடலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. காப்பி ஓடி முடியும் வரை அண்ணே டீ குடிப்பார். அவசரப்படுத்தினால் இன்னொரு டீ சொல்லிவிடுவார்.

அவருடைய புகழ் பரவியது ஒரு கல்யாணத்தில். எங்கள் பக்கத்து மொய் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை அன்பளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வட்டியில்லாக் கடன் அது. இன்று வாங்கியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். அதனால் மண்டப வாசலில் லேப்டாப், பிரிண்டர், கையோடு ரசீது. விசேஷம் முடிந்ததும் ஊர்வாரியாகப் பிரித்து, பைண்டு போட்ட புத்தகமாகக் கொடுத்துவிடுவார்கள். பல புத்தகங்கள் என் கடையில் அச்சானவை.

அன்றைக்கு வாசலில் கூட்டம் நெரிகிற பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் பிடித்து மறுபடி திறந்தால், டேபிள் உடைந்துவிட்டது, பழுது பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மொய் எழுதிய பையன் “டேபிள் உடைஞ்சிருச்சு, டேபிள் உடைஞ்சிருச்சு” என்று கத்த, மண்டப மேனேஜர் ஓடிவந்து, “பந்தியிலயா, மேடையிலயா? வாடகையில பிடிச்சுக்குவோம்” என்றார்.

அண்ணே பந்தியில் இரண்டாவது தடவையாக ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். எடுத்ததும் காப்பி. அது பழைய மை-ஐசாம் வகை டேபிள். எழுதும்போது கரண்ட் போனால் தானாக எழுந்திருக்கத் தெரியாதது. 2010இல் வந்த மை-எஸ்.க்யூ.எல். 5.5 பதிப்பிலேயே, தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தானே எழுந்துகொள்கிற இன்னோடிபியை வழக்கமாக்கிவிட்டார்கள். சாஃப்ட்வேர் எழுதிய பையன் அதற்குள் துபாய் போய்விட்டதால் இதை மாற்ற ஆளில்லை. நல்லவேளையாக மை-ஐசாமில் மொய் ஒரு ஃபைல், அதைத் தேடும் இண்டெக்ஸ் வேறு ஃபைல். “புத்தகத்துல கடைசிப் பக்க அட்டவணைதான் கிழிஞ்சிருக்கு. புத்தகம் இருக்கு” என்றார். பெண்ணின் அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ரிப்பேர் கட்டளை ஓடி முடிந்து 411 வரிகள் வந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணே தட்டவில்லை. பையில் இருந்த பணத்தை எண்ணச் சொன்னார். கணக்கைவிட 5,001 ரூபாய் கூடுதலாக இருந்தது. கரண்ட் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த 412ஆவது வரி, ரசீது வராமலே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. யாருடையது? யாரோ அவசரப்பட்டு மைக்கில், “5,001 மொய் செய்து ரசீது வாங்காதவர் வாசலுக்கு வரவும்” என்று அறிவித்துவிட்டார்கள். மூன்று பேர் வந்தார்கள். மூவரும் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்கள்.

அண்ணே ஒவ்வொருவரிடமும் ஊர், பெயர், தகப்பனார் பெயர் கேட்டுத் தட்டினார். முதல் ஆளுக்கு டேபிளில் 501 இருந்தது. இரண்டாமவருக்கு 1,001. மூன்றாமவர் டேபிளிலேயே இல்லை. அவருக்கு ரசீது அடித்துக் கொடுத்தார். மற்ற இருவரும் முகத்தைப் பார்க்க, திரையை மெல்லத் தாழ்த்திவிட்டு, “உங்க கணக்கு சரியா ஏறியிருக்குய்யா. சாப்பிட்டுப் போங்க” என்றார். அந்த இருவர் யார் என்று இன்றுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் கேட்காத விதமில்லை.

உடைந்த டேபிளைவிட அண்ணே அதிகம் பயப்படுவது உடையாமல் பொய் சொல்லும் க்வெரிக்குத்தான். உசிலம்பட்டி பக்கம் ஒரு வீட்டில் காதுகுத்து முடிந்த கையோடு, “நாம செஞ்சு, நமக்குத் திருப்பிச் செய்யாதவங்க யாரு?” என்று பட்டியல் கேட்டார்கள். மொய் கம்ப்யூட்டர் பையன் ‘நாட் இன்’ போட்டு எழுதினான். விடை: யாருமில்லை. அப்பத்தா கண் கலங்கி, “என்னா நல்ல சனம்!” என்று சொல்லிவிட்டது. அண்ணே மட்டும் எழுந்து வந்தார். “இந்த ஊர்ல எல்லாரும் செஞ்சுட்டாங்கன்னு கம்ப்யூட்டர் சொன்னா, கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்படணும்.”

திருப்பிச் செய்தவர்கள் பட்டியலில் ஒரே ஒரு வரியில் நம்பர் போடாமல் விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் அதற்குப் பெயர் ‘நல்’. அது சைபரும் இல்லை, வெற்றிடமும் இல்லை. ‘தெரியாது’ என்று பொருள். பையனுக்குப் புரியவில்லை. “பஸ்ஸுல முப்பது பேர் இருக்கான். ஒருத்தன் முகத்துல துண்டைப் போட்டுத் தூங்குறான். உன் மச்சான் இந்த பஸ்ஸுல இல்லன்னு சத்தியம் பண்ணுவியா?” “மாட்டேன்ணே.” “அதுவும் பண்ணல. யாரைக் கேட்டாலும் ‘இல்ல’ன்னு சொல்லத் துணியல. அதான் பட்டியல் காலி.” ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றி எழுதினார். 63 பெயர்கள் வந்தன. முதல் பெயர் அப்பத்தாவின் கூடப்பிறந்த தம்பி.

என் கடைக்கும் இவருக்கும் நெருக்கம் ஏற்பட்டது க்வெரியால் இல்லை, எழுத்தால். ஒருநாள் தொண்ணூறு பக்க மொய்ப் புத்தகம் அச்சாகி வந்தது. பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்கத் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில ஏ, வட்டத்துக்குள் அடைபட்ட ஆர். நான் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணே எட்டிப் பார்த்து, “பொழைச்சுக்கும்” என்றார். யூனிகோடு தமிழின் ஒவ்வொரு குறியீடும் யு.டி.எஃப்-8இல் மூன்று பைட். அதை ஒரு பைட் எழுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் ஒன்று மூன்றாகச் சிதறி இப்படிக் கொம்பும் வட்டமுமாகத் தெரியும். பைட்டுகள் பத்திரம் என்பதால் மறுபடி சேர்த்துவிடலாம். “இதுவே வரிசையாக் கேள்விக்குறி வந்திருந்தா பால் ஊத்திரலாம். அது போனது போனதுதான்.”

காரணம் கேட்டேன். மை-எஸ்.க்யூ.எல். செய்தது சுவீடன் கம்பெனி. (மை என்பது நிறுவனர்களில் ஒருவருடைய மகளின் பெயர். பெற்ற பிள்ளையின் பெயரை வைத்த சாமானைக் கரண்டில்லாத ஊரில் இந்தப் பாடு படுத்துகிறோமே என்று அண்ணனுக்கு வருத்தம்.) 2018இல் 8.0 வரும்வரை, நாமாக மாற்றாவிட்டால், அது எழுத்தையெல்லாம் ஒரு பைட் லத்தீன் பெட்டிக்குள்தான் போடும்; அதையும் சுவீடன் நாட்டு அகரவரிசைப்படிதான் அடுக்கும். ஆக, ஆண்டிபட்டிக் கருப்பசாமிகளும் ஒச்சம்மாள்களும் வருஷக்கணக்காக ஸ்டாக்ஹோம் முறைப்படி வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

வேலை முடித்துக் கிளம்பும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு பூட்டு போட்டுவிட்டு வருவார். எந்த வரி என்று சரியாகக் குறிப்பிடாமல் ‘டெலிட்’ அடித்தால் மறுத்துவிடும் பூட்டு. மை-எஸ்.க்யூ.எல்.லில் அதற்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று, பாதுகாப்பான மாற்றம். இன்னொன்று, தயாரித்தவர்களே வைத்தது, ‘நான் ஒரு டம்மி’. அண்ணே இரண்டாவதைத்தான் தட்டுவார். “என்னண்ணே போட்டீங்க?” என்று முதலாளி கேட்டால், “பாதுகாப்பு” என்பார்.

பேக்கப் எடுக்கிறோம் என்று யாராவது பெருமை பேசினால் கிட்லேப் என்கிற சாஃப்ட்வேர் கம்பெனியின் கதையை ஆரம்பிப்பார். 31.1.2017 இரவு. அலுத்துப்போன ஒரு இன்ஜினியர், உதவி சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் ஃபோல்டரை அழிக்க ஆரம்பித்தார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5. சரி, பேக்கப் இருக்குமே என்று பார்த்தால் ஐந்து விதமாக ஏற்பாடு செய்திருந்ததில் ஒன்றும் நம்பும்படி இல்லை. தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த காப்பிதான் காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். “அந்தப் பையனை வேலையை விட்டுத் தூக்கல” என்று கதையை முடிப்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும்.

போன தை மாதம் அண்ணே மகளுக்குக் கல்யாணம். வாசலில் இரண்டு லேப்டாப், இரண்டு யு.பி.எஸ். பக்கத்திலேயே ஒரு பெஞ்சில், காதில் பேனா செருகிய ஒரு பெரியவர், மூலையில் மஞ்சள் தடவிய நீளநோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மொய்யும் இரண்டு இடத்தில் ஏறியது. “என்னண்ணே, உங்களுக்கே கம்ப்யூட்டர் மேல நம்பிக்கை இல்லையா?” என்றேன். “நோட்டு மேலயும் இல்ல. அதான் ரெண்டு” என்றார்.

மறுநாள் இரண்டையும் என் கடையில் வைத்துத்தான் ஒப்பிட்டோம். மொத்தத் தொகை ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனது. என் பெயர் மட்டும் நோட்டில் ஒரு இனிஷியலோடும் கம்ப்யூட்டரில் வேறொரு இனிஷியலோடும் இருந்தது. இரண்டுமே என்னுடையது இல்லை.