அப்புனு, உன்ற பயோடேட்டாவ அப்பாரு படிச்சேன்

வா அப்புனு, இந்தத் திண்ணையில சித்த உக்காரு. நேத்து ஜெராக்ஸ் கடையில அஞ்சு காப்பி எடுத்துட்டு வந்து டிவி மேல வெச்சிருந்தியே, வேலைக்குப் போடற பயோடேட்டா, அதுல ஒண்ணை உங்கப்பத்தா வடகம் காயப்போட எடுத்துட்டா. இன்னொண்ணை நான் எடுத்துப் படிச்சேன். அப்பாருக்கு எங்க இங்கிலீசு வரும்னு நீ தெகிரியமா வெச்சிருந்திருப்ப. நான் பால் சொசைட்டித் தலைவரா இருந்த காலத்துல யூனியன் ஆபீசுல இருந்து வர்ற கடுதாசியெல்லாம் இங்கிலீசுலதான் வரும். எழுத்துக்கூட்டிப் படிச்சுப் படிச்சு, எதுல கையெழுத்துப் போடக்கூடாதுங்கற அளவுக்குக் கத்துக்கிட்டேன்.

படிச்சு முடிச்சதும் நெம்பப் பெருமையாப் போச்சு. இத்தனை பெரிய மனுசன் நம்மூட்டுலயே இருக்கறான், தெரியாமப் போச்சே! மொத வரியிலயே சவால் நெறஞ்ச எடத்துல உன்ற திறமையக் காட்டி நிறுவனத்த வளர்த்தப் போறதா எழுதியிருக்கற. போன வாரம் மேக்காலத் தோட்டத்துப் பையனோடதப் பார்த்தேன், அவனும் அதே சவாலத்தான் தேடறான். கெழக்கு வீதிப் புள்ளையும் அதே. எழுத்து மாறாம அதே வரி. இத்தனை பேரு சவாலத் தேடற ஊருல, கடைமடைக்குக் கீழ்பவானித் தண்ணி வரலீன்னு நாங்க ஆபீசு வாசல்ல உக்காந்தப்ப ஒருத்தனையும் காணோம்.

அடுத்தது பலம். கடின உழைப்புன்னு போட்டிருக்கற. கட்டுத்தரையில சாணி அள்ளோணும்னா அன்னிக்குன்னு பார்த்து உனக்கு இடுப்புப் புடிச்சுக்குது, அதைப் பத்தி நான் வெளிய பேசல. பலவீனம்னு ஒண்ணு எழுதியிருக்கற பாரு, அதுதான் அபாரம்: எதையும் குத்தங்கொறை இல்லாமப் பண்ணோணும்னு நெனைக்கறதாமா! உன்ற கட்டல்ல கெடக்கற துணிக் குமியலப் பார்த்தாலே தெரியுது. பொழுதுபோக்கு, பயணம். பவானிசாகர் அணைக்குப் போயி மீன் தின்னுபோட்டு வந்தது பயணம்னா, உங்கப்பத்தா பழனி போயிட்டு வந்தது உலகம் சுத்துனதுதான்.

கடைசீல, மேல சொன்னதெல்லாம் நெசம்னு உறுதி சொல்றேன், எடம், தேதி, கையெழுத்து. நீ வேலைக்குப் போறியா, சாட்சிக் கூண்டுல ஏறப் போறியா? அப்பன் பேரு, மதம், ரத்த வகை, கல்யாணம் ஆச்சா ஆகலியா எல்லாம் ஒரு பக்கம் எழுதியிருக்கற. அதைப் பார்த்துப் பொண்ணு வேண்ணாக் குடுப்பாங்க. சர்க்கார் வேலைக்கு அவிய பாரத்துல கேக்கறதக் கேக்கறபடி எழுது. கம்பெனிக்குப் பேரு, போன் நெம்பரு, ஊரு, மெயிலு, படிப்பு, செஞ்ச சோலி, தெரிஞ்ச சோலி. புதுசா வேலைக்குப் போறவனுக்கு ஒரு பக்கம் தாராளம். அந்த மெயில் ஐடியையும் மாத்து. ‘தூள் மச்சி தொண்ணூத்தெட்டு’க்கு எந்த மேனேஜரு சம்பளக் கடுதாசி அனுப்புவான்?

இதெல்லாம் நானாச் சொல்லல. உன்ற அத்தைமவ கோயமுத்தூர்ல ஐ.டி. கம்பெனியில ஆளெடுக்கற சோலியிலதான இருக்கறா, கோயில் நோம்பிக்கு வந்தப்ப உக்கார வெச்சுக் கேட்டுட்டேன். நீயும் அன்னிக்கு ஊட்டுலதான் இருந்த. அவ வண்டி வாசல்ல நின்னதும் மோட்டார் ரூமுக்குள்ள போனவன் பொழுது உழுந்துதான் வெளிய வந்த. மோட்டாருல என்ன ரிப்பேருன்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல.

செரி, எழுதுனதப் பார்த்துச் சிரிச்சாச்சு. எழுதாம உட்டதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுத்துது.

சொசைட்டிக் கிளார்க்கு வண்டியில இருந்து உழுந்து காலை ஒடிச்சுக்கிட்டானே, அப்ப விடியக்காலம் போயி பால் அளந்தது யாரு? கொழுப்பு எத்தன, கொழுப்பு போக மீதிச் சத்து, அந்த எஸ்.என்.எஃப். எத்தனன்னு மிசின்ல பார்த்து எழுதுனது யாரு? பத்து நாளைக்கு ஒருக்கா பட்டுவாடா வந்தா மூணு நாளு ராத்திரி நோட்டக் கட்டிக்கிட்டு அழுவானுங்க, அப்பவும் கணக்கு இடிக்கும். நீதான் சர்க்கார் குடுத்த லேப்டாப்புல எக்செல்லுல ஒண்ணப் போட்ட. 140 பேரு பால் கணக்கு அரை நாள்ல முடிஞ்சு, ஆளுக்கொரு சீட்டு அச்சாகி வந்துது. லிட்டரு இத்தன, கொழுப்பு இத்தன, வெல இத்தனன்னு சீட்டுல இருந்ததால சண்டை பாதி அடங்கிப் போச்சு. அதுல ஒரு வார்த்தையாச்சும் உன்ற பயோடேட்டாவுல இருக்குதா? உங்கொப்பன் கேட்டதுக்கு, மாட்டுச் சோலியெல்லாம் எழுதுனா சிரிப்பாங்கன்னியாமா.

அதே தாள்ல காலேஜ் புராஜெக்டுன்னு நாலு வரி எழுதியிருக்கற. முகத்தப் பார்த்து வருகைப் பதிவு போடற மிசினு. அது கோயமுத்தூர்ல காசு குடுத்து வாங்குனதுன்னு எனக்கே தெரியும், கேள்வி கேக்கறவனுக்குத் தெரியாதா? அதே புராஜெக்ட அதே கடையில வாங்குன பசங்க அவன் முன்னால வரிசையா உக்காந்திருப்பானுங்க. 140 பேருக்குப் பால் கணக்குப் போட்டவன் நீ ஒருத்தன்தான் இருப்ப. அத்தைமவகிட்ட இதச் சொன்னேன். “இத எழுதியிருந்தா நானே கூப்புட்டுப் பேசுவனே அப்பிச்சி”ன்னா. நான் வேற எதுவும் சொல்லல, சும்மா உன்ற காதுல போட்டு வெக்கறேன்.

எழுதறது பெரிய வித்தையில்ல. என்ன பண்ணுன, எத்தன பேருக்குப் பண்ணுன, பண்ணுனதால என்ன மாறுச்சு. ‘பால் உற்பத்தியாளர் சங்கத்தில் 140 உறுப்பினர்களின் பட்டுவாடாக் கணக்கை எக்செல்லுக்கு மாற்றினேன், மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்தது.’ ரெண்டு வரி. இதை இங்கிலீசுல எழுதிக்க, தப்பில்லாம எழுதோணும். ‘பொறுப்பாக இருந்தேன்’, ‘ஈடுபட்டேன்’னு மழுப்பாத. ஈடுபட்டவனெல்லாம் ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தவனாத்தான் இருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

பெரிய கம்பெனிகள்ல மொதல்ல படிக்கறது மனுசனே இல்லியாமா, மிசினாமா. அதுக்கு அழகு தெரியாது. நீ ரெண்டு பத்தியாப் பிரிச்சு, கட்டம் கட்டி, மூலைக்கு மூலை படம் ஒட்டி வெச்சா வரிய மாத்தி மாத்திப் படிச்சு, உன்ற படிப்பைக் கொண்டுபோயி போன் நெம்பருக்கு நடுவுல சொருகுனாலும் சொருகும். மேலிருந்து கீழ நேரா எழுது. விளம்பரத்துல என்ன பேரு போட்டிருக்கறாங்களோ, அது உனக்குத் தெரிஞ்ச சோலியா இருந்தா அதே பேரப் போடு. அவன் எஸ்.க்யூ.எல்.னு கேட்டா நீ டேட்டாபேஸ்னு மொட்டையா எழுதாத. வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்துல வார்த்தைய ஒளிச்சு வெச்சா மிசினு ஏமாந்துரும்னு யூடியூப்ல எவனோ சொன்னான்னு பேசிக்கிட்டிருந்தீங்களே, மிசினு எழுத்தத் தனியாப் பிரிச்செடுக்கறப்ப அத்தனையும் அப்பட்டமாத் தெரியுமாமா. அப்பொறம் ஜாவா எண்பது சதம்னு ஒரு பட்டை போட்டிருக்கற. மீதி இருவது சதம் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?

அனுபவச் சான்று ஒண்ணு வெலைக்குக் கெடைக்குதுன்னு உன்ற சினேகிதன் சொன்னது என்ற காதுல உழுந்துது. காது கேக்காத மாதர படுத்திருக்கறதுல இது ஒரு சவுகரியம். மூணு வருசம் வேலை பார்த்த மாதர கடுதாசி வாங்கிக்கலாமாமா. 2014ல இருந்து பி.எஃப்.ல ஆளுக்கொரு நெம்பரு இருக்குது, யு.ஏ.என்.னு. எந்தக் கம்பெனி எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும் பணம் கட்டுச்சுன்னு அதுல வரிசையா வந்துரும். பி.எஃப். கட்டற மாதர கம்பெனியில மூணு வருசம் இருந்தவனுக்கு அதுல ஒண்ணுமே இல்லீன்னா, பின்னணி விசாரிக்கறவன் சும்மா உடுவானா? சேர்ந்து ஆறு மாசம் கழிச்சுக் கண்டுபுடிச்சாலும் வெளிய போகச் சொல்லிருவானுங்க. ஊருல தலைகாட்டறது அப்பொறம் இருக்கட்டும்.

விசாரிக்கறது இன்னிக்கு வந்த பழக்கமும் இல்ல. காஞ்சிபுரம் போனப்ப உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போனாங்க. செவுத்துல முதலாம் பராந்தகன் காலத்து எழுத்து. ஊரு வாரியத்துக்கு ஆள் எடுக்க என்ன தகுதின்னு கல்லுல வெட்டி வெச்சிருக்குது. வரி கட்டற நெலம் கா வேலிக்கு மேல இருக்கோணும், சொந்த மனையில வூடு கட்டியிருக்கோணும். முன்னால வாரியத்துல இருந்துபோட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமில்ல, அவன் சொந்தபந்தம் பேரைக் கூட, ஆளக் குலுக்கி எடுக்கற கொடத்துல போட மாட்டாங்க. இதுல வேடிக்க என்னன்னா, 919ல வயசு 30ல இருந்து 60ன்னு வெட்டுனவங்க, 921ல அதை 35ல இருந்து 70ன்னு மாத்தி வெட்டியிருக்கறாங்க. நோட்டிபிகேசன் போட்டு முடிக்கறதுக்குள்ள திருத்தம் போடற வழக்கம் ஆயிரம் வருசமா இருக்குது, நீ டி.என்.பி.எஸ்.சி.யை மட்டும் திட்டாத.

கூப்புட்டு உக்கார வெச்சு மொதல்ல உன்னையப் பத்திச் சொல்லும்பாங்க. தாள்ல இருக்கறத ஒப்பிக்காத, தாளு அவன் கையிலதான் இருக்குது. அப்பன் விவசாயம், அம்மா வூட்டு வேலைன்னு ஆரம்பிக்கறதும் வேண்டாம், வேலை கேக்கறது அவியளுக்கு இல்ல. என்ன படிச்ச, என்ன செஞ்ச, இந்த வேலைக்கு ஏன் வந்த, ஒண்ணரை நிமிசத்துல முடி. வூட்டுல வாய்விட்டுச் சொல்லிப் பாரு. கேக்க ஆள் இல்லீன்னா என்னையக் கூப்புடு, நான் ஒண்ணும் புரியாத மாதர மொகத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவிய அப்படித்தான் உக்காந்திருப்பாங்க.

கூட வேலை செய்யறவன்கிட்டச் சண்டை வந்தப்ப எப்படிச் சமாளிச்சேன்னு ஒரு கேள்வி கட்டாயம் வருமாமா. ‘எனக்கு யார்கூடயும் சண்டையே வந்ததில்லைங்க’ன்னு புத்தர் மாதர சொல்லாத. பால்ல தண்ணி ஊத்திக்கிட்டு வந்துபோட்டு, மிசினு பொய் சொல்லுதுன்னு ஒருத்தரு உன்ற மேல கை ஓங்குனாரே, ஞாபகம் இருக்குதா? நீ எதுத்துப் பேசல. அவரு முன்னாலயே மிசினக் கழுவி, மொதல்ல நம்மூட்டுப் பாலை ஊத்திப் பார்த்துக் காட்டி, அப்பொறம் அவரோடத ரெண்டாந்தடவ பார்த்த. அவரு வாயை மூடிக்கிட்டுப் போனாரு, அடுத்த நாள்ல இருந்து பால் கெட்டியா வந்துது. என்ன நடந்துது, நீ என்ன பண்ணோணும்னு இருந்துது, என்ன பண்ணுன, கடைசீல என்ன ஆச்சு, இந்த வரிசையில இதைச் சொல்லு. ஆள் பேரு மட்டும் வேண்டாம். பங்காளி வூடு.

தெரியாத கேள்விக்குத் தெரியாதுன்னு சொல்லு. சொல்லிப்போட்டு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இப்படி யோசிப்பேன்னு ஒரு படி முன்னால போ. ஒரு வருசம் ஏன் வூட்டுல இருந்தேன்னா, அரியர் இருந்துது, எழுதி முடிச்சேன், சொசைட்டிக் கணக்குப் பார்த்தேன்னு சொல்லிரு. நீ மறைச்சாலும் மார்க்கு சீட்டுல தேதி இருக்குது. ‘எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கோணுமா’ன்னு முடிக்கறப்ப கேப்பாங்க. மேலயும் கீழயும் பார்த்துட்டு எந்திரிச்சு வராத. மொத ஆறு மாசம் நான் என்ன சோலி பண்ணோணும்னாச்சும் கேளு. கேமராவுல பேசறதா இருந்தா மோட்டார் ரூமு வேண்டாம், டவர் கெடைக்காது. சொசைட்டி மாடிக்குப் போ. மேல நல்ல அங்கராக்கு, கீழ கைலின்னு உக்காராத. கரண்டு போனா எந்திரிக்கோணும்.

சம்பளத்துக்கு வா. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில தரகன் துண்டுக்கடியில விரலப் புடிச்சு வெல பேசுவான் பார்த்திருக்கற. வெளிய நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கம்பெனிக்கு உன்னால ஆகற மொத்தச் செலவுன்னு சொல்ற இந்த சி.டி.சி.யும் அந்தத் துண்டுதான். வருசம் 3,60,000ன்னு சொன்னா நீ உடனே மாசம் 30,000ன்னு வகுத்துக்கிட்டு ஆத்தாளுக்குப் போன் போடுவ. துண்டத் தூக்கிப் பாரு. அடிப்படைச் சம்பளம் 15,000ன்னு வெச்சா, கம்பெனி கட்டற பி.எஃப். 12 சதம், 1,800 அந்த 30,000க்குள்ளயே இருக்குது. உன்ற பங்கு இன்னொரு 1,800. கிராஜுவிட்டின்னு 4.81 சதம், ஒரு 720. அதுவும் நிரந்தர வேலைக்காரனுக்கு அஞ்சு வருசம் இருந்தாத்தான் கைக்கு வரும். வருசக் கடைசீல தருவோம்னு ஒரு தொகை, இன்சூரன்சு, இதையும் அதுலயே கட்டியிருப்பாங்க. கையில 25,000 வந்தாப் பெருசு. அதனால மாசம் கைக்கு எத்தனைன்னு கேளு, கேக்கறதுக்குக் கூச்சப்படாத. ரெண்டு வருசம் நிக்கோணும்னு பாண்டு கேட்டா முழுசாப் படி. ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுத்து வெச்சுட்டுப் போன்னா, காட்டிட்டு மடியில கட்டிக்கிட்டு வந்துரு.

வேலை குடுக்கறதுக்கு உன்கிட்டக் காசு கேக்கறவன் முதலாளி இல்ல, வியாபாரி. பயிற்சிக் கட்டணம், டெபாசிட்டு, லேப்டாப்புக்கு முன்பணம், எந்தப் பேர்ல கேட்டாலும் எந்திரிச்சுக்க. 2022ல தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு நம்பிப் போன நம்ம பசங்களத்தான மியான்மர் மியாவாடியில அடைச்சு வெச்சு, ஆன்லைன்ல ஊரை ஏமாத்தற சோலி பண்ண வெச்சானுங்க. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பற ஏஜென்டுக்கு 1983ஆம் வருசச் சட்டப்படி மத்திய சர்க்கார் லைசென்சு இருக்கோணும், இ-மைகிரேட் தளத்துல பேரைத் தட்டிப் பாத்துக்கலாம். அவன் வாங்கற கூலிக்கும் அளவு உண்டு, 30,000மும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும். இன்டர்வியூவே இல்லாம வாட்சப்புல வேலை குடுக்கறவனைக் கண்டா, உன்னைய அத்தன லேசா எவனாச்சும் எடுப்பானான்னு ஒரு நிமிசம் யோசி. நான் எடுக்க மாட்டேன்.

செரி, எந்திரி. இன்னிக்கு ராத்திரி பயோடேட்டாவ மாத்தி எழுதி உன்ற அத்தைமவளுக்கு அனுப்பு, அவ பார்த்துத் திருத்தித் தர்றேன்னிருக்கறா. நெம்பரு இல்லீன்னு பொய் சொல்லாத. ‘மோட்டார் மெக்கானிக்’னு பேரு போட்டு வெச்சிருக்கறது யாரு நெம்பருன்னு எனக்குத் தெரியும். நேத்து நீ குளிக்கப் போனப்ப அந்த மெக்கானிக்கு கூப்புட்டுது, நான்தான் எடுத்தேன்.