வட்ட மேசைக்குத் தலை எது?

வட்டத்துக்கு மையம் உண்டு, சுற்றளவு உண்டு, தலை கிடையாது என்கிறது பள்ளிக்கூட வடிவியல். கம்பெனி ஆண்டு விருந்துக்குப் போயிராதவர்கள் எழுதிய பாடம் அது. சென்னை நட்சத்திர ஹோட்டல் பால்ரூமில் பத்துப் பேருக்குப் போடப்படும் ஆறடி வட்ட மேசையை முன்வைத்து அந்தப் பாடத்தைத் திருத்துவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் முன்னோர் மொழிந்தவை. ஆர்தர் மன்னன் கதைக்குள் வட்ட மேசையை முதலில் கொண்டுவந்தவர் வேஸ் என்ற நார்மன் கவிஞர், ஆண்டு 1155. யாருக்கு முதல் இடம் என்று வீரர்கள் அடித்துக்கொள்ளக் கூடாதாம். எழுநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, 1930 முதல் 1932 வரை லண்டனில் வட்டமேசை மாநாடு மூன்று முறை கூடியது. காங்கிரஸ் போனது இரண்டாவதற்கு மட்டும். மேசையின் வடிவம் மனிதர்களைச் சமமாக்கிவிடாது என்பதற்கு இதற்குமேல் சான்று தேடுவது வீண்வேலை.

இனி களம். அழைப்பிதழில் இரவு 7 மணி. 8 மணிக்கு மைக் சோதனை. நீண்டகாலப் பணிக்கான கேடயங்கள், எம்.டி. உரை ஆகியவற்றை வாசகர் நன்கு அறிவார், கடந்துவிடுவோம். கவனிக்க வேண்டியது ஜி.எம். உட்காரும் கணம். அவருக்கு நேர் எதிர் நாற்காலிகள்தான் முதலில் நிரம்பும். பிறகு அவற்றின் பக்கத்து நாற்காலிகள். அவருடைய இடத்திலும் வலத்திலும் உள்ள இரண்டு மட்டும் கடைசிவரை காலி. அவை டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாக வருகிறவர்களுக்கு. பெரும்பாலும் போன மாதம் சேர்ந்த பையனுக்கு. 'பதவி பேதமே இல்லாத கம்பெனி' என்று வெளியாள் எவராவது இதைக் கண்டு வியக்கக்கூடும். அவசரப்பட வேண்டாம், இன்னும் பன் எடுக்கவில்லை.

(முள்கரண்டிகள் பற்றி ஒரு சொல்: வெளியிலிருந்து உள்ளே. அவ்வளவுதான், அதில் ஆய்வுக்கு இடமில்லை.)

பன் தட்டு இரண்டு பேருக்கு நடுவே ஒன்றாகச் சுற்றிலும் இருக்கிறது. இடப்பக்கத்துத் தட்டு நம்முடையது, வலப்பக்கத்துக் கிளாஸ் நம்முடையது என்பது மேலைநாட்டு மரபு. ஆனால் பந்தியில் வளர்ந்த கை சோற்றுக்கு வலப்பக்கம்தான் போகும். கொள்முதல் பிரிவு சார் வலப்பக்கத்துப் பன்னை எடுக்கிறார். அது அடுத்தவருடையது, அவரும் தன் வலப்பக்கத்தில் எடுக்கிறார். தவறு அப்படியே மேசையைச் சுற்றி வந்து, கடைசி ஆள் முதல் ஆளின் பன்னை எடுப்பதோடு கணக்கு நேராகிவிடுகிறது. பத்துப் பேர், பத்துப் பன். ஒரு குறையும் இல்லை.

பத்துப் பேரும் ஒரே தவறைச் செய்தால் அது தவறே ஆகாது என்பது இதனால் நிறுவப்பட்டது.

சிக்கல் ஞானியால் வருகிறது. ஆன்சைட்டில் இருந்து திரும்பிய ஒருவர் முறைப்படி இடப்பக்கம் கை நீட்டுகிறார். அவருக்கு இடப்புறம் இருப்பவரும் அதே பன்னுக்குத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறார்.

"சார், அது என்னோடது."

"அப்படியா? எடுத்துக்கோங்க தம்பி, எனக்குப் பசியில்ல."

ஒருவருக்குப் பன் இல்லை. ஞானியின் வலப்பக்கத்தில் ஒரு பன் நாதியற்றுக் கிடக்கிறது. அதைப் பார்த்தபடியே எல்லாரும் சூப் குடிக்கிறார்கள். பன் இல்லாதவர் அப்ரைசல் எழுதும் இடத்தில் இருப்பவராயின், விளைவு ஏப்ரலில் தெரியும்.

மாறாக, முதலில் கை நீட்டியவர் ஜி.எம். என்று கொள்வோம். அவர் வலப்பக்கம் எடுத்தால் அந்த ஞானியும் வலப்பக்கமே எடுப்பார். இரண்டு வருட வெளிநாட்டுப் பயிற்சி அரை நொடியில் மறந்துபோகும். எவருடைய தவறு மேசைக்கே விதியாகிறதோ, அவர் இருக்கும் இடமே தலை. வடிவியல் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: எவ்வளவு பசித்தாலும் ஜி.எம். எடுக்கும்வரை பன்னைத் தொடாதீர்கள்.