பக்கம் தள்ளினீங்களா சார்?

மின்னூல் எழுத்தாளர் வணக்கம் சொல்வதில்லை. பூங்காவில் எதிரே வந்தாலும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும், துக்க வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான்: "பக்கம் தள்ளினீங்களா சார்?"

படித்தீர்களா என்று கேட்க மாட்டார். அந்த ஆசையெல்லாம் முதல் நாவலோடு விட்டுப்போயிற்று. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் நாம் ஒரு புத்தகத்தை எடுத்தால், எத்தனை பக்கம் போனோமோ அத்தனைக்குத்தான் எழுதியவருக்குக் காசு. ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது, பைசாக் கணக்குதான். ஆனால் டேஷ்போர்டு என்று ஒன்று இருக்கிறதே! இன்றைக்கு எத்தனை பக்கம் ஓடியது என்று அதில் கோடு போட்டுக் காட்டும். கிரிக்கெட் பார்க்கிறவன்கூட ஓவருக்கு நடுவே காபி குடிப்பான். இவருக்கு அந்த இடைவேளையும் கிடையாது. சாம்பார் ஊற்ற வருகிறவர் வாளியோடு நிற்கிறார். இவர் இடது கையால் திரையைக் கீழே இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்.

2016 டிசம்பரில் கிண்டிலுக்குத் தமிழ் வந்தது. அடுத்த மாதம் இவர் பணி ஓய்வு பெற்றார். இரண்டும் அடுத்தடுத்து நடந்திருக்கக் கூடாது.

என்னை மாதம் 169 ரூபாய் சந்தா கட்டவைத்தவர் அவர்தான். 90 நாளில் 5 நாள் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அந்த 5 நாளும் எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற செய்திக்குக்கூட இடமிருக்காது. "இன்று மட்டும் இலவசம்! முந்துங்கள்!" என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, எனக்கு மட்டும் தனியாக ஒன்று வரும்: "நீங்க இலவசத்துல எடுத்துடாதீங்க சார். அதுல பக்கக் கணக்கு ஏறாது. சந்தாவுல எடுங்க." நெருங்கிய நண்பர் என்றால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

சட்டதிட்டங்களை அவர் அளவுக்கு வக்கீல்களுக்குத் தெரியாது. போனில் நெட்டை அணைத்துவிட்டுப் படிக்கக் கூடாது, மறுபடி இணைக்கிற வரைக்கும் கணக்கு போய்ச் சேராது. ஒருவர் ஒரு பக்கத்தை முதல் தடவை படித்தால்தான் காசு. திரும்பப் படித்தால் இல்லை. உலகத்தில் எந்த எழுத்தாளனும் வாசகன் வாயிலிருந்து கேட்க ஏங்குவது "இன்னொரு தடவை படிக்கணும் போலிருக்கு" என்பதைத்தான். ஒருநாள் பேச்சுக்கு அதைச் சொல்லிவைத்தேன். "அது வேஸ்ட் சார்" என்றார்.

எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடுமே என்றும் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன். பெருமூச்சு விட்டார். அதையும் பார்த்தாயிற்றாம். அவருடைய அம்மாவுக்கு 83 வயது. டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, திரைக்கு நாலு வார்த்தைதான் நிற்கும். அந்த அம்மாள் ஒரு வாரம் முழுக்க, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்துத் தள்ளியிருக்கிறார். ஆயிரக்கணக்கான திரைகள். கம்பெனிக் கணக்கிலோ எல்லோருக்கும் ஒரே அளவுப் பக்கம்தான். ஏறியது 212. "பாவம் சார் அம்மா" என்றார். உண்மையிலேயே குரல் கம்மியிருந்தது.

எந்த நாட்டில் பக்கம் ஓடியது என்பதும் தெரியுமாம். ஒருநாள் இரவு பத்தரைக்கு அழைத்தார். "சார், ஜெர்மனியில 6 பக்கம்!"

"சந்தோஷம்."

"உங்க மச்சினர் அங்கதானே இருக்கார்?"

"அவன் நார்வேயில இருக்கான்."

கொஞ்ச நேரம் மௌனம். "பக்கத்துல தானே சார்?"

ஒன்று சொல்ல வேண்டும். பழைய காலத்தை நினைத்து நான் கண்ணீர் விடுகிறவன் இல்லை. அப்போது 1,200 பிரதி அடிப்பார்கள். நூலக ஆர்டர் வராவிட்டால் கட்டுக் கட்டாக எழுதியவன் வீட்டுப் பரணுக்கு வந்துவிடும். "300 காப்பி நீங்களே எடுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பதிப்பாளர் நாற்காலியைக் காட்டுவார். இவருடைய பழைய கவிதைத் தொகுப்பு இன்றும் வருஷா வருஷம் நவராத்திரிக்குக் கொலுப்படிக்கு முட்டுக் கொடுக்கிறது. இன்று அப்படியில்லை, கேட்டால்தான் அச்சு, 50 பிரதி போதும். எந்தப் பதிப்பகத்துப் படியும் ஏறாத எத்தனையோ பெண்கள் ராத்திரி பாத்திரம் தேய்த்த பிறகு போனிலேயே தொடர்கதை எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் இவருடைய 'சாரலில் ஒரு சாருலதா'வில், கதாநாயகியின் அப்பா மூன்றாம் அத்தியாயத்தில் சபாபதி, ஒன்பதாம் அத்தியாயத்தில் சதாசிவம். "மழைப் பெய்தது" என்று ஒற்று மிகுந்தும், "தேனீர்" என்று தந்நகரம் தொலைந்தும் கிடக்கின்றன. சொன்னால், "அடுத்த அப்டேட்ல மாத்திடறேன் சார்." ராத்திரி முற்றும் போடுகிறார், அதே கையோடு ஏற்றிவிடுகிறார். நடுவில் ஒரு மனிதர் இல்லை. முன்பெல்லாம் ஒரு ஆள் இருந்தார். கையெழுத்துப் பிரதியை ஆறு மாதம் மேஜையில் போட்டு வைப்பார், போனை எடுக்க மாட்டார், கடைசியில் சிவப்புப் பேனாவால் கிழித்துத் திருப்பித் தருவார். எரிச்சலான ஆசாமிதான். ஆனால் அவர் முழுக்கப் படித்திருந்தார். அந்த வேலையை இப்போது என் தலையில் கட்டுகிறார்கள், அதுவும் நான் 169 ரூபாய் கொடுத்து. போகட்டும். நாலு வருஷமாக இவர் வேறொருவர் எழுதிய ஒரு புத்தகத்தையாவது தொட்டிருக்கிறாரா? கேட்டுவிட்டேன். "எங்க சார் நேரம்? எழுதவே சரியா இருக்கு." எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தால் பக்கம் தள்ள வெளியூரிலிருந்தா ஆள் வரும்?

போன செவ்வாய்க்கிழமை காலை பொறுக்க முடியாமல் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றபடி, சாருலதாவைக் கட்டைவிரலால் தள்ளத் தொடங்கினேன். ஒரு வரி படிக்கவில்லை. மழை, சாரல், சபாபதி, சதாசிவம், மருத்துவமனை எல்லாம் பஸ் ஜன்னலில் ஓடுவது போல ஓடின. பால் சீறிப் பொங்கியது. போனைப் போட்டுவிட்டுக் கிடுக்கியை எடுக்க ஓடினேன். அதோடு மறந்தும்விட்டேன்.

புதன்கிழமை ஆறரை மணிக்கே காலிங்பெல். வாசலில் அவர், கையில் நோட்டுப் புத்தகம். முகம் தூங்காத முகம்.

"சார், நேத்து யாரோ ஒரே மூச்சுல 198 பக்கம் படிச்சிருக்கார்."

"அடேயப்பா."

"மொத்தம் 212. பதினாலு பக்கம் இருக்கும்போது நிறுத்திட்டார் சார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த இடத்துலதான் சாருலதா சாகறா. தாங்க முடியாம மூடி வெச்சிருக்கார். நிஜமான வாசகர். அவர் மனசை ஒடிச்சுட்டேனேன்னு ராத்திரி பூரா உக்காந்து மாத்தி எழுதி ஏத்திட்டேன்."

"என்ன மாத்தினீங்க?"

"பொழைச்சுட்டா சார்."

காபிக்கு உட்காரச் சொன்னேன். பால் பொங்கிய அடுப்பு இன்னும் துடைக்கப்படாமல்தான் இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு, மறு கையால் திரையைக் கீழே இழுத்தார்.