நீலப்புள்ளியும் நாமும்

கேள்வி: பக்கத்து வயல்காரர் வருஷம் தவறாமல் வரப்பைச் செதுக்கிச் செதுக்கி என் பக்கம் வந்துகொண்டிருக்கிறார். செல்போன் மேப்பைக் காட்டி எல்லையை நிரூபிக்கலாமா?
(வாசகர், ஒரத்தநாடு)

பதில்: அவரும் ஒரு செல்போன் கொண்டுவருவார். அதில் எல்லை உங்கள் களத்துமேட்டில் தெரியும். திறந்த வானத்தின் கீழேகூட போன் காட்டும் இடம் ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம். உங்கள் வரப்போ ஒன்றரை அடி. 2000 மே மாதம் வரை இன்னும் மோசம். ராணுவக் காரணத்துக்காக அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். அந்தக் காலமாக இருந்தால் பக்கத்து வயல்காரர் உங்கள் பம்புசெட்டுக்கே உரிமை கொண்டாடியிருப்பார். நில அளவைக்கு மனுப் போடுங்கள். சர்வேயர் புலப்படத்தோடு வரட்டும். சென்டிமீட்டர் கணக்கில் காட்டும் டி.ஜி.பி.எஸ். கருவி அவர்கள் துறையில் உண்டு.

கேள்வி: பெரிய கோயிலுக்கும் மேப்புக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று என் பெண் கேட்கிறாள். என்ன சொல்ல?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கெட்டிக்காரப் பெண். இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட சம்பந்தம் அது, கொஞ்சம் அடிதடியும் உண்டு. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். முக்கோணம் போட உயரமான இடம் வேண்டும். நம் டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்லும் தென்னையும்தான். ஆகவே கோபுரங்களையே மலையாக வைத்துக்கொண்டார். 1808-ல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் நெளிந்துபோனது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரரிடம் மாட்டி, மொரீஷியஸ் வரை போய் மீண்டு வந்த கருவி அது. பிரெஞ்சுக்காரரிடம் தப்பியது, ராஜராஜனிடம் தப்பவில்லை! லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து வட்டத்தைப் பழைய வடிவுக்கு இழுத்துவிட்டார்.

அவர் கோணத்தை அளந்தார், போன் நேரத்தை அளக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நாலின் சிக்னல் எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று பார்த்து, நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். நம் இஸ்ரோவும் 2013 முதல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இதற்கென்றே செயற்கைக்கோள்களை அனுப்பி, 'நாவிக்' என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கயிறு அறுகிற கவலை இல்லை. சார்ஜ் தீராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: எங்கள் பாத்திரக் கடையை மேப் எதிர்ச் சந்தில் காட்டுகிறது. வாடிக்கையாளர்கள் அங்கே இருக்கும் இன்னொரு கடையில் குத்துவிளக்கு வாங்கிப் போகிறார்கள். வயிறு எரிகிறது.
(வியாபாரி, கும்பகோணம்)

பதில்: கடை உங்களுடையது என்று கூகுளில் பதிவு செய்து, கேட்டால் பெயர்ப்பலகை தெரிய வீடியோ எடுத்து அனுப்புங்கள். பிறகு புள்ளியை நீங்களே நகர்த்தலாம். செலவு கிடையாது. "காசு கொடுங்கள், தேடினால் முதலில் வரச் செய்கிறேன்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். தேடுகிற பொருளுக்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை என்ற மூன்றையும் பார்த்தே வரிசை அமைகிறது. பலகையில் இல்லாத 'அசல்', 'ஒரிஜினல்' எல்லாம் பெயரோடு ஒட்டக்கூடாது என்பதும் விதி. அந்த விதியைக் கண்டிப்பாகப் பார்த்தால் நெடுஞ்சாலையில் எத்தனை கும்பகோணம் டிகிரி காபிக் கடை மிஞ்சுமோ! 2028-ல் மகாமகம் வருகிறது. அதற்குள் புள்ளியைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: வாய்க்கால் தூர் வாரப் போனால் மண்வெட்டியைவிட போட்டோவுக்குத்தான் மரியாதையாக இருந்தது. ஏழைக்கு மட்டும்தான் இந்தக் கண்காணிப்பா?
(வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: கோபம் நியாயம். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு, இடமும் நேரமும் பதிந்த போட்டோ நாளுக்கு இரண்டு கட்டாயமானது. நீங்கள் அங்கே நின்றீர்கள் என்பதை அது சொல்லும். எத்தனை கூடை மண் அள்ளினீர்கள் என்பதைச் சொல்லாது. ஒரு ஆறுதல்: அதே கயிறு மேலேயும் கட்டப்படுகிறது. டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பில் வயலில் போய் நின்றால்தான் பதிவு ஏறும். டீக்கடை பெஞ்சிலிருந்தே அடங்கல் எழுதிய பரம்பரைக்கு இது பெரிய இடி. 2024-ல் அந்தச் சேற்றில் இறங்கியவர்கள் வேளாண் கல்லூரி மாணவர்கள் என்பது வேறு கதை.

கேள்வி: "வந்துகிட்டே இருக்கேன்" என்கிறார் கணவர். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனோ டீக்கடையில் நிற்கிறது. எதை நம்புவது?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: இரண்டையும். டீக்கடை வருகிற வழியில்தானே இருக்கிறது!

கேள்வி: டார்ச் லைட் ஆப் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறதே?
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: இருட்டில் இருக்கிறீர்கள் என்பது போதும், மற்றது வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். மழை பார்க்கும் ஆப்புக்குத் தோராயமான இடம் போதும்; மேலக்கரைக்கு ஒரு மழை, கீழக்கரைக்கு ஒரு மழை என்று அது பிரித்துச் சொல்லப்போவதில்லை. துல்லியமான இடத்தை டாக்சிக்கும் ஆம்புலன்ஸுக்கும் கொடுங்கள், அதுவும் பயன்படுத்தும்போது மட்டும்.

கேள்வி: எங்கள் முகவரி 'பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த சந்து'. டெலிவரிப் பையன் தெருத்தெருவாக அலைகிறான்.
(வாசகர், திருவையாறு)

பதில்: உங்கள் ஊரில் பிள்ளையார் கோயிலுக்கா பஞ்சம்? 1972-ல் வந்த பின்கோடு ஊரைக் காட்டும், வீட்டைக் காட்டாது. 2025 மே மாதம் அஞ்சல் துறை 'டிஜிபின்' கொண்டுவந்தது. நாட்டையே ஏறத்தாழ நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து, எண் கொண்ட அடையாளம். நம் பழைய வீடுகள் தெருவிலிருந்து கொல்லைவரை ரயில் பெட்டி மாதிரி நீளமானவை, ஒரே வீட்டுக்கு ஏழெட்டு டிஜிபின் வரும். திண்ணையில் நின்று எடுத்துக் கொடுங்கள். கொல்லையில் நின்று எடுத்தால் பார்சல் மாட்டுக் கொட்டகையில் இறங்கும்.